மீன் படாத அண்டா

நவம்பர் 2, ஞாயிறு

விடியற்காலை மழை. பத்து மணிக்கு மேல் வெளுத்தது. வெயில் போவதற்குள் தூள் இடித்து முடித்தேன்.

இந்த மாதத் தூளுக்குப் போட்டது: மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த மிளகாய், பட்டை, கறிவேப்பிலை, ஒரு கை பச்சரிசி, ஒரு கை மாசி. எல்லாம் கறுக்க வறுத்தது. மாசிக்கான சூரை மீன், பண்ணையில் என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் படகில் வந்தது. போன மாதமே அவித்து, புகை போட்டு, கல்லாகக் காய வைத்திருந்தேன். மிக்ஸியில் போட்டால் பிளேடுதான் போகும். உலக்கைதான்.

ஒரே ஜாடி, ஒரே தூள். குழம்பு, பருப்பு, சம்பல், கீரை, எல்லாவற்றுக்கும் இதுதான். கச்சால் தீவில் ரப்பர் வெட்டிய காலத்திலும் இதுதான், சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுக்கு, சிப்பிகாட்டுக்கு வந்தும் இதுதான். என் தூள் மாதிரி இந்தப் பக்கத்தில் யாரும் இடிப்பதில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

ஸ்டெல்லா கல்லறைக்குப் போயிருக்கிறாள், இன்று அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். என் வீட்டுக்காரர், இவர், மத்தியானம் ஆட்டோவைக் கழுவினார். அரை நாள் கழுவினார்.

நவ. 3, திங்கள்

புழுக்கம். மின்சாரம் இரண்டு தடவை போனது.

பண்ணையில் நாற்றுக்கு நானூறு பை மண் நிரப்பினோம். நாங்கள் நாலு பேர் குழு: நான், ஸ்டெல்லா, வங்காளி அக்கா ஜோத்ஸ்னா தீதி, அவர் நாத்தனார். பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் சார் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மெயின்லேண்டிலிருந்து பயிற்சிக்கு முப்பது பேர் வருகிறார்களாம், அவர்களோடு பெரிய அதிகாரி மேடம். மத்தியானச் சாப்பாடு இங்கேதான். பண்ணையில் விளைகிற காயும் மசாலாவும் போட்டு, காயைச் சுட்டு, ஒரு சூப் முதலில் வர வேண்டும் என்பது மேடத்தின் விருப்பம். போன தடவை கேண்டீன்காரர் பாக்கெட் சூப்பைக் கரைத்து வைத்தாராம். மேடம் இரண்டு கரண்டியோடு நகர்த்தி வைத்துவிட்டார். அந்த ஆளும் போய்விட்டார், கேண்டீன் ஆறு மாதமாகப் பூட்டு.

சார் சொன்ன முக்கிய விஷயம்: வெள்ளிக்கிழமை சாப்பாடு சரியாக அமைந்தால் கேண்டீன் சாவி எங்கள் குழுவுக்கு. இன்னொன்று: மேடம் சுத்த சைவம். முட்டை தொட்ட கரண்டிகூட ஆகாது. வெங்காயம், பூண்டு பரவாயில்லை.

சூப் யார் செய்வது என்று சார் கேட்டு முடிப்பதற்குள் நான் என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா என் இடுப்பில் கிள்ளினாள். சுட்ட காய் சூப் நான் பார்த்ததுகூட இல்லை. இருக்கட்டும். ரசத்துக்கு உடம்பு வைத்தால் சூப், அவ்வளவுதானே.

பன்னிரண்டு வருஷமாகப் பையில் மண் அள்ளிப் போடுகிறேன். முட்டி தேய்ந்துவிட்டது. அந்தச் சாவி எனக்கு வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். வேண்டும்.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை.

சார் போனில் சமையல் வீடியோ காட்டினார். வெள்ளைக்காரி ஒருத்தி காயை நறுக்கி, எண்ணெய் தடவி, ஓவனுக்குள் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் போய் காப்பி குடிக்கிறாள். இங்கே ஓவனும் இல்லை, காப்பி குடிக்க நேரமும் இல்லை.

ஆனால் எண்ணெய்த் தகரம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்து லைன் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு கேக் சுடுவார்களே, அதே மாதிரி. தகரத்தை நீளவாக்கில் வெட்டி, காயை அடுக்கி, மூடி, கீழே சிரட்டைத் தணல், மூடி மேலேயும் சிரட்டைத் தணல். முக்கால் மணி நேரம். திறந்தேன். பூசணி ஓரமெல்லாம் கறுத்து, உள்ளே மஞ்சளாகக் குழைந்து, தக்காளி தோல் சுருண்டு, பூண்டு தோலுக்குள்ளேயே வெண்ணெயாகி. அப்பா, என்ன வாசனை. ஜோத்ஸ்னா தீதி நாற்றங்காலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

அரைத்து, உப்புப் போட்டு, கொதிக்க வைத்தோம். ஸ்டெல்லா ஒரு வாய் வைத்தாள்.

“நல்லாத்தாங்க்கா இருக்கு. பல்லு முளைக்காத புள்ளைக்கு ஊட்டலாம்.”

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவளிடம் பேசவில்லை. யாராவது உண்மையைச் சொன்னால் எனக்கு இப்படித்தான் கோபம் வரும்.

தக்காளி கப்பல் தக்காளி. பாதி நசுங்கல். சுடுவதற்கு நசுங்கலே நல்லது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

நவ. 5, புதன்

காலையில் தூறல். பாட்டரி தீர்ந்து சுவர்க் கடிகாரம் நின்றது.

மசாலா நாள். பண்ணை முழுக்க ஒரு கூடையோடு சுற்றினேன். கிடைத்தவை:
பட்டை இலை, பட்டையும்
பச்சை மிளகுச் சரம் நாலு
ஜாதிபத்திரி
கறிவேப்பிலை
இஞ்சி
பர்மா தனியா, வாய்க்கால் ஓரத்தில் ஒரு மடி நிறைய

மெயின்லேண்ட் கொத்தமல்லி கப்பலில் வந்து சேர்வதற்குள் மஞ்சளாகிவிடும். பர்மா தனியா ரம்பம் மாதிரி இலை, முள் குத்தும், மணம் மூன்று மடங்கு. இதை மேடம் எங்கே பார்த்திருக்கப் போகிறார்.

பட்டை இலையைத் தணலில் காட்டிப் போட்டேன். மிளகை நசுக்கினேன். ஜாதிபத்திரி ஒரு கிள்ளு, அதற்கு மேல் போனால் மருந்து வாடை. நேற்றைக்கு இன்று நூறு மடங்கு. ஸ்டெல்லா இரண்டு கிண்ணம் குடித்தாள். ஆனால் எனக்குத் தெரியும், அடியில் ஏதோ ஒன்று இல்லை. நாக்கில் வந்தது தொண்டைக்குப் போவதற்குள் மறைந்துவிடுகிறது.

மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்பில் சூடேற்றும்போது கை தானாக ஜாடிக்குப் போயிற்று. ஒரு கரண்டி தூள். ஒரு கொதி.

அதுதான். அடி கிடைத்துவிட்டது.

இவர் ஆட்டோ ஓட்டி வந்த களைப்பில் ஒன்றும் கேட்காமல் குடித்தார். தம்ளர் காலி. இருபத்தாறு வருஷத்தில் என் சமையலை நல்லா இருக்கு என்று ஒரு தடவை சொன்னதில்லை இந்த மனுஷன். தம்ளரை நீட்டினார்.

“இன்னும் இருக்கா?”

அவ்வளவுதான் பாராட்டு. மூன்று தம்ளர். எனக்கு அது போதும்.

நவ. 6, வியாழன்

வெயில். சுள்ளென்ற வெயில்.

ஜாடியைப் பண்ணைக்குக் கொண்டுபோய்ச் செய்தேன். ஆபீஸ் முழுக்க வந்து குடித்தது. கிளார்க் கிண்ணத்தை விரலால் வழித்தார். சார் இரண்டாவது கிண்ணத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அங்கேயே நின்று பாராடாங் கிளம்பிக்கொண்டிருந்த மேடத்துக்குப் போன் போட்டு, இங்கே ஓர் அம்மா சூப் வைத்திருக்கிறார், நீங்கள் எங்கேயும் குடித்திருக்க மாட்டீர்கள் என்று ஹிந்தியில் அளந்தார். அளக்கவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மேடமும் பயிற்சிக்காரர்களும் இன்று பாராடாங் தீவுக்குப் போய்த் தங்குகிறார்கள். சாரும் மத்தியானம் கிளம்பிப் போய்விட்டார். நாளைக்கு அவர்களை அழைத்துக்கொண்டு வருவார். போகிறபோது ஓர் அட்டையைக் கொடுத்தார். சூப் பெயரும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் எழுதி மேசையில் வைக்க வேண்டுமாம். படிக்கிறவர்கள் கேட்பார்களாம். தமிழில் நான் எழுத, ஸ்டெல்லா ஹிந்தியில் எழுதுவாள்.

வரும் வழியெல்லாம் சிரிப்பு. கேண்டீனில் எந்த ஜன்னலைத் திறந்துவைப்பது, எந்த அலமாரியில் என் ஜாடி என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

நவ. 7, வெள்ளி. சாயங்காலம் ஆறரை

வரிசையாக எழுத வேண்டும்.

ஐந்து மணிக்குப் பண்ணை. மூன்று தகரம், மூன்று தணல். ஒன்பதரைக்கெல்லாம் பெரிய அலுமினியக் குண்டா நிறைய சூப். தூள் போட்டு இறக்கினேன். வாசனைக்கு டிரைவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு அட்டை எழுத உட்கார்ந்தேன். பூசணி. தக்காளி. பூண்டு. வெங்காயம். இஞ்சி. பர்மா தனியா. பட்டை இலை. பச்சை மிளகு. ஜாதிபத்திரி. பிறகு தூள். வெறுமனே தூள் என்று எழுதினால் என்ன தூள் என்று கேட்பார்களே. மல்லி, சீரகம், சோம்பு, கொச்சிக்காய், அரிசி, மா

பேனா நின்றுவிட்டது.

மாசி. மீன்.

எப்படி மறப்பேன்? மறக்கவில்லை, அதுதான் விஷயம். எங்கள் வீட்டில் மாசி மீன் கணக்கில் வராது. உப்பு மாதிரி. விரத நாளில்தான் ஜாடியைத் தொடாமல் இருப்போம், மற்றபடி அது தூள், அவ்வளவுதான். நாலு நாளாக சைவம், சைவம் என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் மீனை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆபீஸில் நேற்றுக் குடித்தவர்கள் எல்லோரும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான், அதை ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன். படித்தாள். வெளியே பார்த்தாள், யாரும் இல்லை. அவளுக்கும் சாவி வேண்டும். அவள் வீட்டுக்காரர் படகு பாதி நாள் கரையில்தான் கிடக்கிறது.

“எழுதாம விட்டுருங்கக்கா. ரெண்டு கரண்டி, இத்தனை பெரிய குண்டாவுல. யாருக்குத் தெரியப் போவுது?”

பொய் சொல்ல மாட்டேன், நானும் யோசித்தேன். ஒரு கொதி வரும் நேரம் யோசித்தேன். குண்டாவைப் பார்த்தேன். அதைவிட நல்ல சூப் நான் வாழ்க்கையில் வைத்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

“அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் தானே.”

சாருக்குப் போன் போட்டேன். பாராடாங்கில் சிக்னல் எப்போது இருந்தது. நாலு தடவை போட்ட பிறகு அவரே கூப்பிட்டார். ஜெட்டியில் வண்டி வரிசை நீளம், காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து விடுகிற ஒன்பதரை கான்வாய் தப்பிவிட்டது, அடுத்ததில்தான் வருவோம், வந்து சேரும்போது மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும் என்றார். சார், சூப்பில் என்று ஆரம்பித்தேன். லைன் போய்விட்டது.

மூன்று மணி. அப்போது பத்தே முக்கால். வாழ்க்கையில் முதல் தடவையாக பாராடாங் ஜெட்டியைக் கும்பிட்டேன்.

குண்டாவை டிரைவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும் விட்டேன். மீன் போட்டது என்று சொல்லித்தான் விட்டேன். அதற்கு இன்னும் இரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள்.

இப்போது பாத்திரம். என் குண்டாவில் மீன். ஜோத்ஸ்னா தீதி அரிசி வைத்த தேக்சா மட்டும் புதிது, அது வேலையில் இருக்கிறது. ஸ்டெல்லா வீட்டு மிக்ஸியைத் திறந்தால் தெருவுக்கே நெத்திலி மணக்கும். தீதி வீட்டில் கேட்கவே வேண்டாம், வங்காளி வீடு. இந்தத் தீவில் மீன் படாத பாத்திரம் எங்கே தேடுவது? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். தீதி முதலில் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கோயில். முருகன் கோயில் அன்னதான அண்டா. இவருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், வெட்கத்தோடு. திட்டுவார் என்று நினைத்தேன். கரண்டியும் வேணுமா என்று மட்டும் கேட்டார். அரை மணியில் ஆட்டோவின் பின்சீட்டில் அண்டா, மேலே கரண்டி, வழியில் தூசி படாமல் இருக்கத் தன் சட்டையைக் கழற்றி மூடியிருந்தார். பனியனோடு ஓட்டிவந்த மனுஷன்.

காய்? பூசணியில் அரைதான் மிச்சம். தக்காளி சுத்தமாக இல்லை, அடுத்த கப்பல் ஞாயிற்றுக்கிழமை. பண்ணையில் என்ன இருக்கிறதோ அதுதான். மரத்தில் ஈரப்பலாக்காய், அதுதான் சீமைப்பலா, ஏழு நின்றது. சர்க்கரைவள்ளி ஒரு கூடை. புளிப்புக்கு பிலிம்பிக்காய், மரம் முழுக்கத் தொங்குகிறது, யாரும் சீந்துவதில்லை.

தகரங்களையும் தொடவில்லை, இன்று கூடுதலாக வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றில் சூரை சுட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் தோலோடு நேரே தணலில் போட்டேன். ஈரப்பலா மேலே கரிக்கட்டையாகி உள்ளே பஞ்சாக வெந்தது. வெங்காயம், பூண்டு, இஞ்சி எல்லாம் தோலோடு. பிறகு அந்த அடி. மாசி கொடுத்தது என்ன என்று யோசித்தேன். புகை. கருகல். ஓர் ஆழம். தேங்காயைப் பத்தையாகக் கீறித் தணலில் காட்டினேன், ஓரம் கறுத்து எண்ணெய் கசியும் வரை. மிளகு, சீரகம், மல்லி புதிதாக, தீதியின் புதுத் தேக்சா மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதிலேயே வறுத்தோம்.

மிக்ஸி இல்லாமல் மசிப்பது? நர்சரி ஸ்டோரில் மண் சலிக்கப் புதுச் சல்லடை இரண்டு வந்திருந்தது, இன்னும் மண்ணைப் பார்க்காதது. வெந்நீர் ஊற்றி அலசி, நானும் ஸ்டெல்லாவும் தம்ளர் அடியால் தேய்த்துத் தேய்த்து இறக்கினோம். தேங்காயையும் மசாலாவையும் பண்ணைக் கல்லில்... இல்லை, கல்லிலும் சந்தேகம். ஆற்றங்கரை உருண்டைக்கல் ஒன்றைக் கழுவி, வாழை இலை மேல் வைத்து நசுக்கினேன். தோள் இப்போதும் கழன்றுவிடும் போல வலிக்கிறது.

இரண்டே முக்காலுக்கு பர்மா தனியாவைக் கிள்ளிப் போட்டு மூடினேன். உப்புப் பார்த்தேன். நேற்றையது மாதிரி இல்லை. வேறு. ஆனால் அடி இருந்தது. அட்டையைத் திருப்பி, இதில் சேர்ந்ததை மட்டும் நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா புதிதாக எழுதினாள்.

மூன்று பத்துக்கு வண்டிகள். எல்லோருக்கும் கொலைப்பசி. மேடம் ஒல்லியான மனுஷி, நரைத்த முடி, கால் செருப்பெல்லாம் சேறு. உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி, இது முழுக்க சைவம்தானே என்று.

“யே பூரா வெஜ் ஹை நா?”

ஹாஞ்சி மேடம் என்றேன். குரல் திடமாக வந்தது. முதல் கரண்டி. இரண்டாவது. மூன்றாவது. பின்னால் சார் தன் கிண்ணத்தைக் குடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். நேற்று வேறு மாதிரி இருந்ததே, ஏன் மாற்றிவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மேடம் நிமிர்ந்தார்.

சமாளிக்க நூறு வழி இருந்தது. தக்காளி தீர்ந்தது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஸ்டெல்லா கண்ணால் கெஞ்சினாள்.

“கல் வாலே மே மச்லி கா பவுடர் தா, மேடம். மேரி கல்தி. இஸ்மே நஹி ஹை.”

நேற்றையதில் மீன் தூள் இருந்தது, என் தப்பு, இதில் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன். மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். சாரின் முகம் சுட்ட ஈரப்பலா. முப்பது பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பாத்திரம் எது என்று மேடம் மெதுவாகக் கேட்டார். கோயில் அண்டா என்றேன். அரைத்தது? சல்லடையைக் கொண்டுவந்து காட்டினேன். உருண்டைக்கல்லையும் காட்டினேன். அட்டையை எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தார், ஒவ்வொரு வரியாக, ஸ்டெல்லாவின் ஹிந்தி எழுத்தில். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போச்சு என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும், திங்கட்கிழமை மறுபடி மண் அள்ளுவோம் என்றும் நினைத்தேன்.

மேடம் கரண்டியை எடுத்தார். கிண்ணம் காலியாகும் வரை குடித்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

“ஔர் ஹை க்யா?”

இவர் கேட்கிற அதே கேள்வி. ஹிந்தியில்.

வாசலில் ஆட்டோவில் சாய்ந்து நின்று இவர் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் பனியனோடு. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மேடம் என்ன நினைத்தாரோ.

நவ. 8, சனி

மழை விட்டு விட்டு.

தோள் தூக்க முடியவில்லை. அண்டாவைத் தேய்த்துப் பளபளவென்று கோயிலில் கொண்டுபோய் வைத்தோம். வாங்கும்போது இருந்ததைவிடப் பளபளப்பு, ஐயரே சொன்னார்.

நேற்று சார் என் பக்கம் பார்க்காமலே ஜீப்பில் ஏறிப் போனார். இன்று காலை மேடத்தை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் ஏற்றப் போனார். பதினொன்று வரை வரவில்லை. நாங்கள் நாலு பேரும் பையில் மண் போட்டுக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா ஒரு பைக்கு ஒரு மாதா மன்றாட்டு. சாவி கிடைக்காவிட்டால் என் மேல் கோபம் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும்க்கா என்றாள், ரெண்டு நாளைக்கு. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பன்னிரண்டுக்கு ஜீப். சார் இறங்கி நேரே என்னிடம் வந்தார். முகம் இன்னும் சரியாகவில்லை. பாக்கெட்டில் கையை விட்டார்.

“மீன் போட்டேன்னு யாரு சொன்னாங்களோ, அவங்க கையிலதான் சாவி இருக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க.”

கையெல்லாம் மண். முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினேன்.

பழைய சாவி, துரு. பூட்டு திறக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு ஸ்டெல்லா குத்து விட்டதும் திறந்தது. உள்ளே ஒட்டடை, பல்லி, பாக்கெட் சூப் ஒரு பெட்டி. மூன்று ஜன்னல். நான் நினைத்த ஜன்னல் இல்லை, கிழக்கு ஜன்னல்தான் நல்லது.

வாங்க வேண்டியது:
மிக்ஸி, புதிது, மீன் படாதது
அண்டா சொந்தமாக
சுண்ணாம்பு
கரும்பலகை, தினமும் என்னென்ன போட்டது என்று எழுத

ஜாடி வீட்டிலேயே இருக்கும்.

இவர் சாயங்காலம் வந்ததும் சாவியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நேற்று அந்தம்மா குடிச்ச சூப் எனக்குக் கொடுக்கவே இல்லை தானே என்றார். அடியில் ஒரு தம்ளர் எடுத்து வைத்திருந்தேன், சூடு பண்ணிக் கொடுத்தேன். குடித்தார். சாவியை என் கையில் வைத்தார்.

“நல்லா இருக்கு.”